வரப்புத் தகராறு பேஸ்பால்

அமெரிக்காவின் லிட்டில் லீக் என்ற சிறுவர் பேஸ்பால் ஒரு செடியின் புண்ணியத்தில் பிறந்தது. முழுச் செடிகூட இல்லை. வெட்டிவிட்ட லைலாக் புதரின் அடிக்கட்டை. 1938-ல் பென்சில்வேனியா மாநிலத்து வில்லியம்ஸ்போர்ட் என்ற ஊரில், கார்ல் ஸ்டாட்ஸ் என்ற மனிதர் உறவுப் பையன்கள் இரண்டு பேருக்குப் பந்து எறிந்து விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். பந்தைத் துரத்திக்கொண்டு ஓடியவர் அந்தக் கட்டையில் காலை வைத்து, கணுக்காலைச் சிராய்த்துக்கொண்டார். வேறு யாராவது என்றால் செடி வைத்தவனின் பரம்பரையைத் திட்டிவிட்டு, எண்ணெய் தடவிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஸ்டாட்ஸ் ஒரு பின்வாசல் படியில் உட்கார்ந்து, காலைத் தேய்த்துக்கொண்டே யோசித்தார். யோசிக்கிற ஆளுக்கு அடிபட்டால் இதுதான் ஆபத்து. உலகத்துக்கே வேலை வைத்துவிடுவார்.

அவருக்குத் தோன்றியது இது: பெரியவர்களின் மைதானத்தில், ஓடித் தொட வேண்டிய ஒரு பேஸுக்கும் இன்னொரு பேஸுக்கும் நடுவே 90 அடி. பத்து வயதுப் பையன் அதை ஓடிக் கடப்பதற்குள் அவனுக்கு மீசை முளைத்துவிடும். ஆகவே மைதானத்தைச் சுருக்க வேண்டும். எவ்வளவு சுருக்குவது? தெருப் பையன்களைக் கூட்டிவந்து, பழைய செய்தித்தாள்களை பேஸாகப் போட்டு, ஓடவிட்டு, தூரத்தைக் குறைத்துக் குறைத்துப் பார்த்தார். ஓடுகிறவனும் பந்தும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் வந்து சேரும் இடத்தில் நிறுத்தினார். 60 அடி. இன்றைக்கும் அதே 60 அடிதான். குழு இல்லை, கருத்தரங்கு இல்லை, நான்கு செய்தித்தாளில் வேலை முடிந்தது.

பிறகு காசு. கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினார். 56 பேர் கையை விரித்தார்கள். 57-வது ஆள் ஒரு பால் கம்பெனி, லைகோமிங் டெய்ரி. அவர்கள் 30 டாலர் கொடுத்தார்கள். அவர்களைப் பார்த்து ஒரு மரக்கடையும் ஒரு முறுக்குக் கம்பெனியும் சேர்ந்துகொண்டன. (பிரெட்செல்தான், ஆனால் முறுக்கிவிட்டு உப்பைத் தூவினால் அது முறுக்கு என்பது என் கட்சி.) 1939 ஜூன் 6 அன்று முதல் ஆட்டம் நடந்தது. லண்டி மரக்கடை 23, லைகோமிங் டெய்ரி 8. எல்லோருக்கும் முன்னால் பணத்தை எடுத்து நீட்டியவன் முதல் ஆட்டத்திலேயே உதை வாங்கினான். கொடுத்தவனுக்கு மரியாதை எந்த நாட்டிலும் இவ்வளவுதான்.

மூன்று அணி. இவன் அவனை அடிப்பான், அவன் இன்னொருவனை அடிப்பான், மறுவாரம் மாறி அடிப்பார்கள். வீட்டு ஆட்களோடேயே எத்தனை நாள் சீட்டாடுவது? எதிர்வீட்டுக்காரனைத் தோற்கடித்தால்தானே ராத்திரி தூக்கம் வரும். நல்லவேளையாக ஊரிலேயே மேனார்டு லீக் என்று இன்னொன்று முளைத்தது. ஆற்றோரமாக இருந்த அடுத்தடுத்த ஊர்களும் ஆளுக்கொரு லீக் ஆரம்பித்தன. 1946-ல் கணக்குப் பார்த்தால் 12 லீக். எல்லாம் பென்சில்வேனியாவுக்குள்.

இங்கேதான் வரப்பு வருகிறது.

லிட்டில் லீக்கின் ஏற்பாடு இப்படி: ஒவ்வொரு லீக்குக்கும் வரைபடத்தில் கோடு போட்ட ஒரு எல்லை உண்டு. அந்தக் கோட்டுக்குள் இருக்கிற பையன்தான் அந்த லீக்கில் ஆட வேண்டும். சீசன் முழுக்க லீக்குக்குள்ளேயே நான்கைந்து அணிகள் அடித்துக்கொள்ளும். கோடை உச்சிக்கு வந்ததும், அதுவரை ஒருவன் முகத்தில் ஒருவன் முழிக்காத பையன்களில் நல்ல ஆட்டக்காரர்களைப் பொறுக்கி ஒரே சட்டை மாட்டி, ‘ஆல் ஸ்டார்’ என்று பெயர் வைத்து, பக்கத்து லீக்கின் மேல் ஏவிவிடுவார்கள். தோற்றவன் வீட்டுக்கு, ஜெயித்தவன் மாவட்டம், மாநிலம், மண்டலம் என்று ஏறிக்கொண்டே போவான். கோடு எதற்கு என்றால், பக்கத்து ஊரில் நன்றாகப் பந்து வீசுகிற பயலை யாரும் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாது. நியாயமான ஏற்பாடு. வாய்க்கால் வரப்பும்கூட நியாயத்துக்காகப் போட்டதுதான். பிறகு என்ன ஆனது என்று எந்த முன்சீப் கோர்ட் வாசலிலும் நின்று கேட்டுக்கொள்ளலாம்.

1947-ல் இருக்கிற லீக்குகளை எல்லாம் கூப்பிட்டு, தேசியப் போட்டி என்று அறிவித்தார்கள். தேசம் என்பது பென்சில்வேனியாவும், பக்கத்து நியூ ஜெர்சியிலிருந்து வந்த ஹாமன்டன் என்ற ஒரே ஒரு லீக்கும். இறுதி ஆட்டத்தில் வில்லியம்ஸ்போர்ட்டின் மேனார்டு அணி, லாக் ஹேவன் அணியை 16-7 என்று வென்றது. இரண்டு ஊரும் சஸ்குவேஹானா ஆற்றின் ஒரே கிளையில் இருக்கின்றன. லாக் ஹேவனில் குளித்த தண்ணீர்தான் வில்லியம்ஸ்போர்ட்டுக்கு வரும். தேசத்தின் தலையெழுத்தை அந்த வருடம் ஒரே ஆற்றுத் தண்ணீர் குடிப்பவர்கள் தீர்மானித்தார்கள். இன்னும் இரண்டு வருடத்தில் பெயரை ‘வேர்ல்ட் சீரிஸ்’ என்று மாற்றிவிட்டார்கள். உலகத்திடம் யாரும் கேட்கவில்லை.

அடுத்து 1955. இந்த இடத்தில் சிரிப்பு கொஞ்சம் தொண்டையில் நிற்கும்.

தெற்கு கரோலைனா மாநிலத்து சார்ல்ஸ்டனில், கேனன் ஸ்ட்ரீட் ஒய்.எம்.சி.ஏ. லீக் என்று கறுப்பினப் பையன்களின் லீக் ஒன்று இருந்தது. முறையாகப் பதிவு செய்து, முறையாகக் கட்டணம் கட்டிய லீக். அந்த வருடம் அவர்கள் ஆல் ஸ்டார் அணியைத் தேர்ந்தெடுத்து, உள்ளூர்ப் போட்டிக்குப் பெயர் கொடுத்தார்கள். பக்கத்து லீக்குகள் எல்லாம் வெள்ளையர் லீக்குகள். கேனன் ஸ்ட்ரீட் பெயரைப் பார்த்ததும் அவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். ஒரு பந்துகூட வீசாமல் கேனன் ஸ்ட்ரீட் சார்ல்ஸ்டன் சாம்பியன் ஆனது. சரி, மாநிலப் போட்டிக்குப் போவோம் என்று போனார்கள். அங்கும் அதே கதை. 61 வெள்ளையர் லீக்குகள். பதினோரு, பன்னிரண்டு வயதுப் பையன்கள் கொண்ட ஓர் அணியோடு ஆடுவதற்கு அந்த அறுபத்தொன்றில் ஒன்றுக்கும் தைரியம் வரவில்லை. மட்டையே பிடிக்காமல் ஒரு மாநிலத்தை முழுக்க விரட்டியடித்த அணி பேஸ்பால் வரலாற்றில் இது ஒன்றுதான் இருக்கும்.

மாநிலப் பொறுப்பாளராக இருந்தவர், வெள்ளையருக்கு மட்டும் தனிப்போட்டி வையுங்கள் என்று லிட்டில் லீக் தலைமையிடம் கேட்டுப் பார்த்தார். தலைமை மறுத்தது. உடனே அவர் ராஜினாமா செய்துவிட்டு, ‘லிட்டில் பாய்ஸ் லீக்’ என்று தனிக்கடை போட்டார். ஓடிப்போனவர்கள் எல்லாம் அதில் சேர்ந்தார்கள். பின்னாளில் அதற்கு ‘டிக்ஸி யூத்’ என்று பெயர் வைத்தார்கள். அடிமை வைத்திருந்த தென் மாநிலங்களுக்குச் செல்லப்பெயர் டிக்ஸி. மறைத்துப் பேசுகிற பழக்கம் அவர்களுக்கு இல்லை.

தலைமை மறுத்தது என்று சொன்னேன் இல்லையா? அதற்காக மாலை போடக் கிளம்பிவிட வேண்டாம். ஜார்ஜியாவில் ரோம் என்ற ஊரில் நடக்கவிருந்த மண்டலப் போட்டிக்குக் கேனன் ஸ்ட்ரீட் தயாரானபோது, அதே தலைமை விதிப் புத்தகத்தைப் புரட்டியது. எதிராளி ஆட வராததால் கிடைத்த வெற்றியை வைத்துக்கொண்டு மேலே போக முடியாதாம். ஆடி ஜெயித்திருக்க வேண்டுமாம். ஆட வராதவன் குற்றத்துக்கு வந்து நின்றவனுக்கு அபராதம். கல்யாணத்துக்கு வராத மாப்பிள்ளைக்காகப் பெண்ணை மண்டபத்தை விட்டு வெளியேற்றிய மாதிரி.

மனசு கொஞ்சம் உறுத்தியிருக்க வேண்டும். வில்லியம்ஸ்போர்ட்டுக்கு விருந்தாளிகளாக வாருங்கள் என்று அழைத்தார்கள். பையன்கள் பஸ்ஸில் போனார்கள். சில நிமிடங்கள் மைதானத்தில் இறங்கிப் பந்து எறிந்து காட்ட அனுமதித்தார்கள். பையன்கள் எறிந்த எறியைப் பார்த்து, அரங்கில் இருந்தவர்கள் “ஆட விடுங்கள்” என்று கத்தினார்கள். விடவில்லை. பையன்கள் படிக்கட்டில் ஏறி உட்கார்ந்து, அடுத்தவர்கள் ஆடுவதைப் பார்த்தார்கள். அந்த வருடக் கோப்பையை மோரிஸ்வில் என்ற பென்சில்வேனியா ஊர், நியூ ஜெர்சியின் மெர்ச்சன்ட்வில்லை 4-3 என்று வென்று எடுத்துக்கொண்டது. மறுபடியும் ஓர் ஆறு, இந்தமுறை டெலவேர். இந்தக் கரை மாநிலமும் அந்தக் கரை மாநிலமும் ஆடின. 1955-ன் தெற்கு கரோலைனா சாம்பியன் என்ற பதாகையைக் கேனன் ஸ்ட்ரீட்காரர்களை அழைத்துக் கையில் கொடுத்தது 2002-ல். பேரப்பிள்ளைகள் விளையாடுகிற வயது.

அந்த 1955-க்கு இரண்டு வருடம் கழித்து இன்னொரு ஆறு. மெக்சிகோவின் மான்டெரே நகரத்துப் பையன்கள் 1957-ல் டெக்சாஸின் மெக்ஆலனில் போட்டி ஆடுவதற்காக ரியோ கிராண்டே பாலத்தைத் தாண்டி வந்தார்கள். எல்லை வரை பஸ், பிறகு நடை. விசா மூன்று நாளுக்கு. மாற்றுத்துணி ஒன்று. முதல் ஆட்டத்தில் தோற்றுத் திரும்பிவிடுவோம் என்பது கணக்கு. கணக்கில் ஒரே பிழை: அவர்கள் தோற்கவில்லை. மெக்ஆலன், கார்பஸ் கிறிஸ்டி, ஃபோர்ட் வொர்த், லூயிவில் என்று ஜெயித்துக்கொண்டே வடக்கே ஏறினார்கள். விசா முடிந்தது, கையில் காசு முடிந்தது, ஜெயிப்பது மட்டும் முடியவில்லை. வில்லியம்ஸ்போர்ட்டில் ஆகஸ்ட் 23 அன்று, தங்களைவிடத் தலை உயரம் அதிகமான கலிபோர்னியாவின் லா மேசா பையன்களுக்கு எதிராக, ஏஞ்சல் மசியாஸ் என்ற பையன் பந்து வீசினான். இரண்டு கையாலும் வீசத் தெரிந்தவன். அன்றைக்கு வலது கை போதும் என்று முடிவு செய்தான். எதிரணியில் ஒருவன்கூட முதல் பேஸை மிதிக்கவில்லை. 4-0. வேர்ல்ட் சீரிஸ் என்று பெயர் வைத்து எட்டு வருடம் கழித்து, கோப்பை முதல் தடவையாக நாட்டை விட்டு வெளியே போனது.

உலகம் கேட்டுவிட்டுத்தான் வர வேண்டும் என்று யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. முக்கியமாகத் தைவான்காரர்களுக்கு. 1971 முதல் 1974 வரை நான்கு வருடமும் அவர்களே தூக்கிக்கொண்டு போனார்கள். 1973-ல் தைனான் அணி மூன்று ஆட்டத்தில் மொத்தமாக 57 ரன் எடுத்தது; கொடுத்தது பூஜ்யம். ஹிட்கூட ஒன்றும் கொடுக்கவில்லை. அமெரிக்கர்கள் ஆழ்ந்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: 1975-ல் வெளிநாட்டு அணிகளே வேண்டாம். வேர்ல்ட் சீரிஸ் நடக்கும், வேர்ல்ட் மட்டும் வராது. நான்கு பக்கமும் சிரிப்பு கேட்டிருக்க வேண்டும். மறுவருடம் கதவைத் திறந்தார்கள். கூடவே, அமெரிக்க அணிகளுக்கு ஒரு பக்கம், மற்றவர்களுக்கு ஒரு பக்கம் என்று பிரித்து, இறுதி ஆட்டத்தில் எப்போதும் ஓர் அமெரிக்க அணி இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். அதாவது மைதானத்துக்கு நடுவே ஒரு வரப்பு.

பிலிப்பைன்ஸின் ஜாம்போவாங்கா 1992-ல் ஜெயித்த கோப்பையைப் பறிகொடுத்ததும் எல்லை விவகாரத்தில்தான். வெளியூர்ப் பையன்களைக் கூட்டிவந்து சேர்த்திருந்தார்கள். ஆனால் வரைபடத்தையே ஆயுதமாக்கிய கதை என்றால் அது சிகாகோ.

2014-ல் சிகாகோவின் தென்பகுதியிலிருந்து ஜாக்கி ராபின்சன் வெஸ்ட் என்ற அணி கிளம்பியது. கறுப்பினப் பையன்கள். பக்கத்து எவர்க்ரீன் பார்க்கை அவர்கள் அடித்த ஸ்கோர் 43-2. தட்டச்சுப் பிழை இல்லை. வில்லியம்ஸ்போர்ட்டில் லாஸ் வேகாஸை 7-5 என்று வென்று அமெரிக்க சாம்பியன் ஆனார்கள். இறுதி ஆட்டத்தில் சியோலிடம் 8-4 என்று தோற்றாலும் ஊர் கொண்டாடியது. வெள்ளை மாளிகையில் ஒபாமா கைகுலுக்கினார்.

43-2 என்று தோற்றவர்களுக்குக் கோடையில் நிறைய ஓய்வு நேரம் கிடைத்துவிடும். எவர்க்ரீன் பார்க் தரப்பிலிருந்து கேள்வி வந்தது: இந்தப் பையன்கள் எல்லாம் எந்தத் தெரு? கிளறினால் எல்லைக்கு வெளியே இருக்கும் பையன்களும் அணியில் இருந்தார்கள். லீக் நிர்வாகிகள் காட்டிய எல்லை வரைபடம் பொய் வரைபடம். அதைவிடப் பெரிய கூத்து, போட்டி ஜெயித்த பிறகு அந்த நிர்வாகிகள் பக்கத்து லீக்குகளிடம் போய், அந்த நிலப்பரப்பைத் தங்களுக்கு விட்டுக்கொடுக்கும்படி கேட்டிருந்தார்கள். அடுத்தவன் மனையில் மாடி வீடு கட்டி, கிரகப்பிரவேசமும் முடித்துவிட்டு, அப்புறம் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டு வாசலில் நிற்கிற மாதிரி. 2015 பிப்ரவரியில் பட்டம் பறிபோய் லாஸ் வேகாஸுக்குப் போனது. கோட்டை அழித்து எழுதியவர்கள் பெரியவர்கள். கோப்பையை இழந்தவர்கள், பட்டா சிட்டா என்றால் என்னவென்றே தெரியாத பன்னிரண்டு வயதுப் பையன்கள்.

லைலாக் கட்டைக்காரர் என்ன ஆனார்? அதே 1955-ல், கேனன் ஸ்ட்ரீட் பையன்கள் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்த வருடம், ஸ்டாட்ஸுக்கும் அமைப்புக்கும் முட்டிக்கொண்டது. பெரிய ரப்பர் கம்பெனியின் பணம் உள்ளே வந்திருந்தது. தலைவர் பதவியில் வேறு ஆள் இருந்தார். வியாபாரம் ஆகிவிட்டது என்று இவர் முறையிட்டார். கோர்ட் வரை போய், கடைசியில் சமரசம். ஸ்டாட்ஸ் வெளியே வந்தார். அமைப்பு 1959-ல் ஆற்றைக் கடந்து, அக்கரையில் தெற்கு வில்லியம்ஸ்போர்ட்டில் பெரிய மைதானம் கட்டிக்கொண்டு போய்விட்டது. இக்கரையில் அவர் முதலில் ஆரம்பித்த லீக் மட்டும் அவரோடு இருந்தது. உறுப்பினர் இல்லை என்பதால் வேர்ல்ட் சீரிஸ் பாதையில் அதற்கு இடமில்லை. லிட்டில் லீக் என்ற பெயரும் இப்போது அக்கரைக்காரர்களின் சொத்து. மனிதர் அசரவில்லை. திருநெல்வேலியில் அல்வாக் கடைக்காரர்கள் எதைச் செய்வார்களோ அதைச் செய்தார். லீக்கின் பெயரை ‘ஒரிஜினல் லீக்’ என்று வைத்துக்கொண்டார்.