நாலு சர்வீஸ், நாலு எர்த், ஒரே கூரை

அனுப்புநர்: பள்ளிபாளையம் பக்கம் தறி ஓட்டும் ஒருவன்.
பெறுநர்: உதவிப் பொறியாளர் அவர்கள், எங்கள் பிரிவு அலுவலகம்.
பொருள்: எர்த் கம்பிகள் நாலையும் ஒன்றாகக் கட்டிக்கொள்ள அனுமதி வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் தறிப்பட்டறை வெளியிலிருந்து பார்த்தால் ஒரே கூரை. உங்கள் பேரேட்டில் நாலு. அப்பா பெயரில் ஒரு சர்வீஸ், என் பெயரில் ஒன்று, தம்பிக்கு ஒன்று, மாடி வீட்டுக்கு ஒன்று. விசைத்தறி சர்வீஸ் ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதத்துக்கு 750 யூனிட் இலவசம் என்றிருந்ததை 2023இல் அரசு 1,000 ஆக்கியது. பாகம் கேட்காத அண்ணன் தம்பிகளும் நடுவே ஹாலோபிளாக் சுவர் எழுப்பிக்கொண்டோம். சுவர் இருந்தால் தனி இடம். தனி இடத்துக்குத் தனி மீட்டர். ஆய்வுக்கு வந்தவர் சுவரைத் தட்டிப் பார்த்துத் திருப்தியோடு போனார். மின்சாரத்துக்குத்தான் அந்தச் சுவர் கண்ணில் படவில்லை.

நாலு சர்வீஸுக்கும் நாலு குழி தோண்டி, உப்பும் கரியும் கொட்டி, நாலு பைப் இறக்கியிருக்கிறோம். ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை கிடையாது. நம் மண் உங்களுக்குத் தெரியும். நாலடியில் பாறை, திருச்செங்கோட்டு ரிக் வண்டியே முனகும். சித்திரையில் குழி காய்ந்து எர்த்தின் தடை 40 ஓம் ஆனதென்று வைத்துக்கொள்ளுங்கள். தறி மோட்டாரில் ஒரு பேஸ் பாடியில் தட்டினால், 230ஐ 40ஆல் வகுக்க, ஓடுவது 6 ஆம்பியருக்கும் குறைவு. 16 ஆம்பியர் ஃபியூஸுக்கு அது கொசுக்கடி. ஃபியூஸும் போகாது, தறியும் நிற்காது. தறிச்சட்டம் முழுக்க 200 வோல்ட்டைச் சுமந்துகொண்டு ஓடிக்கொண்டே இருக்கும். பாவு பீம் உருட்டிப் போகச் சுவரில் விட்ட சந்தில் நின்று, தார் போடும் அக்கா ஒரு கையை என் தறியிலும் மறு கையைத் தம்பி பங்குத் தார் மிஷினிலும் வைத்தால், இரண்டு எர்த்துக்கும் நடுவே கம்பி அவர்தான்.

இதற்கு எங்கள் வயர்மேன் வைத்திருக்கும் வைத்தியம், தார் மிஷினின் எர்த்தைக் கழற்றி விடுவது. ‘இனி சுர்ருங்காதுங்க’ என்பார். ஆமாம், அடுத்து அந்த மிஷினில் பழுது வரும்போது சுர்ரோடு நிற்காது.

முறையான வைத்தியம் ஐ.எஸ். 3043 என்ற எர்த்திங் நெறிமுறையில் இருக்கிறது: ஒரு கட்டடத்து எர்த்துகளை ஒன்றோடொன்று கட்டு. கட்டிவிட்டால் பழுது வந்தாலும் அத்தனை இரும்பும் சேர்ந்தே ஏறும், இரண்டு கைக்கும் நடுவே வித்தியாசம் இராது. பைப் நாலும் சேர்வதால் தடையும் இறங்கும். ஒவ்வொரு சர்வீஸுக்கும் 30 மில்லி ஆம்பியர் கசிவில் விழுகிற ஆர்.சி.சி.பி. ஒன்று மாட்டினால், தறி அதிரும்போது எர்த் நட்டு கழன்றிருந்தாலும் ஆள் பிழைக்க வழி உண்டு.

இன்னொன்று. நுகர்வோர் இடத்தில் எர்த் முனை ஒன்றை அமைத்துப் பராமரிப்பது மின்சாரம் தருபவர் பொறுப்பு என்றது 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளின் 33ஆவது விதி. மத்திய மின்சார ஆணையத்தின் 2010 விதிகளும் அதையே சொல்லின. எங்கள் மீட்டர் பெட்டிக்குள் டார்ச் அடித்துத் தேடினோம். பல்லி முட்டை இருந்தது. மூன்று பேஸ் வாங்குபவர் சொந்த எர்த்தும் போட வேண்டும் என்பது அதே விதியின் மறுபாதி. அந்தப் பாதி மட்டும் அலுவலகத்துக்கு மனப்பாடம்.

பிறகு ஏன் இன்னும் கட்டவில்லை என்பீர்கள். சுவரில் துளை போட்டு நாலையும் தாமிரப் பட்டையால் சேர்த்த மறுநாள் பறக்கும் படை வந்து, ‘எர்த்தே ஒன்றுதானே, அப்புறமென்ன நாலு சர்வீஸ்?’ என்றால்? தறி மீட்டர் மூன்றும் ஒன்றாகி, 3,000 யூனிட் 1,000 ஆகிவிடும் என்று வீட்டில் நடுங்குகிறார்கள். ஷாக் அடிக்கும் என்று இவ்வளவு நடுங்கியதில்லை.

ஆகவே, எர்த்துகள் சேர்ந்தாலும் மீட்டர்கள் தனித்தனியாகவே ஓடலாம் என்று ஒரு வரி எழுதித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். பட்டை, கிளாம்ப் எங்கள் செலவு. துளையையும் நாங்களே போட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் நுகர்வோர் (நால்வர் சார்பாக)

இணைப்பு: ஆதார் நகல் – 4. மின் கட்டண ரசீது – 4. சொத்து வரி ரசீது – 1.