முன்னமைவு இலக்கணம்

முன்னமைவு என்பது, பயன்படுத்துவோர் வாய் திறவாதவிடத்துக் கருவி தானாகவே மேற்கொள்ளும் நிலையாகும். அது சொல்லாமல் அமைவது, சொன்னால் மாறுவது, சொன்னாலும் மாறாதது என மூவகைப்படும். முதலாவது வெளிப்படை.

இரண்டாவதற்கு, நிரலாளர் வரியின் தொடக்கத்தில் விடும் உள்தள்ளல் சான்றாகும். 2001ஆம் ஆண்டுப் பைத்தான் நடைக் கையேடு நான்கு இடைவெளி என விதிக்க, கோ மொழியின் ஒழுங்கமைப்பான் டேப் என விதிக்க, லினக்ஸ் கருநிரலின் நடைக் குறிப்போ எட்டெழுத்து அகலமே முறையென்று கூறி, நான்கென்பாரைச் சமயப் பகைவராகவே ஒதுக்குகிறது.

மூன்றாவது, இலங்கையின் யட்டியாந்தோட்டைத் தேநீர்க் கடைகளில் விளங்கும். அங்கே சீனியை முதலில் கிளாசில் இட்டு அதன்மேல் சாயம் ஊற்றுவதால், "சீனி வேணாம்" என்னும் சொல் கடைக்காரர் செவியை எட்டுமுன் முன்னமைவு நிறைவேறிவிடுகிறது. அவரும் "கலக்காம குடிங்க தம்பி" என்று தீர்வு கூறுகிறார். கலக்காத சீனி இல்லாத சீனியே என்பர் ஒரு சாரார். கடைசி மிடறு அதனை மறுக்கும் என்பர் மறு சாரார். முன்னவர் கொள்கைக்குப் பெயரறியா ஒருவர் உரை எழுத, அவ்வுரைக்கு அவர் மாணாக்கர் விளக்கம் எழுத, அவ்விளக்கத்துக்கு மருமகன் குறிப்புரை எழுத, அம்மூன்றையும் கறையான் தின்றபின், எஞ்சிய துளைகளைப் பாடவேறுபாடு எனப் பதிப்பித்தோர் பேராசிரியராயினர் என்க.

இனி, எது முன்னமைவாதல் வேண்டுமென நிரலாளரிடம் கருத்துக் கணிப்பு நடத்துவோர் உளர். பழகிய கை பழகியதையே கேட்குமாதலின், கணிப்பில் விருப்பம் எனப் பதிவாவது பெரும்பாலும் வழக்கமே. 2017இல் நிரலாளர் வினாவிடைத் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ நடத்திய கணிப்பில் இடைவெளி இடுவோர் டேப் இடுவோரைவிடக் கூடுதல் சம்பளம் பெறுவதாகத் தெரியவர, காரணம் காண அறிஞர் பலர் முயன்றனர். இடைவெளியே சம்பளத்தை உயர்த்துமாயின், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் செடிக்கும் செடிக்கும் இடையே நாளெல்லாம் நடந்து கொழுந்தெடுப்போர், நாட்சம்பளம் 1,000 ரூபாவாக 2021 வரை காத்திருந்திருக்க மாட்டார்கள்.

நிரல் எழுதும் செயலியான விஷுவல் ஸ்டூடியோ கோட், டேப் விசையை அழுத்தினாலும் நான்கு இடைவெளியையே இடும் முன்னமைவுடன் வருகிறது. அதை மாற்றலாம் என்பதையே அறியாமல் எழுதிச் செல்வோரை எவரும் கேட்பதில்லை. ஆகவே கணிப்புத் தாளின் முதற்கேள்வி, அமைப்பை மாற்றும் இடம் தெரியுமா என்பதாதல் வேண்டும். தெரியாதவரின் விடையை இரண்டாகக் கணக்கிடுக.