‘சாப்ட்டாச்சு’ என்னும் பொய்: லப்பைக்குடிக்காடு – துபாய் போன்வழி ஓர் ஆய்வு

பொய் சொல்லலாமா என்று கேட்டுப் பெரிய பெரிய நூல்கள் எழுதியிருக்கிறார்கள். ‘சாப்ட்டாச்சு’ என்ற பொய்க்குத் தனி ஆய்வு எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. அந்தக் குறையைத் தீர்க்க நான் எடுத்துக்கொண்ட களம், பெரம்பலூர் மாவட்டத்தில் வெள்ளாற்றங்கரையில் இருக்கும் லப்பைக்குடிக்காடு. ‘வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில்’ என்று எழுதத் தொடங்கினேன்; ஆய்வுப்பொருளே பொய் என்பது நினைவுக்கு வர, ‘பல வீடுகளில்’ என்று திருத்திக்கொள்கிறேன்.

நேரம்: ஜூலை மாதம், மத்தியானம் 2 மணி. இடம்: என் பக்கத்து வீடு. பேசுவது அந்த வீட்டு அம்மாவும் துபாயில் இருக்கும் மகனும். துபாய்க்கு வாட்ஸ்அப் அழைப்பு போகாது என்பதால் போட்டிம் செயலியில் வீடியோ அழைப்பு.

“சாப்ட்டியாப்பா?”

“சாப்ட்டேம்மா. நீங்க?”

“இப்பத்தான் சாப்ட்டு எந்திரிச்சேன்.”

குக்கர் அந்த நேரம் பார்த்து விசில் அடிக்கிறது.

“என்னம்மா சத்தம்?”

“பக்கத்து வீட்டுக் குக்கருப்பா.”

அந்தப் பக்கத்து வீட்டுக்காரன் நான்தான். எங்கள் அடுப்பில் அப்போது எதுவும் இல்லை.

மகனும் சளைத்தவன் அல்ல. வெயில் எப்படி என்றால் “ஏசியிலதாம்மா இருக்கேன்” என்கிறான். பின்னால் இருப்பது தெரியாதபடி முகத்தை ஒட்டிப் போனைப் பிடித்திருக்கிறான். நெற்றியில் ஹெல்மெட் பட்டை அழுத்திய கோடு. அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 முதல் 3 வரை வெட்டவெளி வேலைக்குத் தடை உண்டு. ஒன்றரை மணி நேரம் கூட்டினால், தடை தொடங்குவது நம்மூர் 2 மணிக்கு. கோடை முழுக்க டாணென்று 2 மணிக்கே ஓய்வு கிடைக்கும் அந்த ஏசி ஆபீஸ்மேல் எனக்குச் சந்தேகம்.

இனி முன்னோர் கருத்து. கொலைகாரன் வாசலில் வந்து நண்பன் எங்கே என்று கேட்டாலும் பொய் கூடாது என்று 1797இல் எழுதினார் தத்துவ அறிஞர் காண்ட். தம் ஊரான கோனிக்ஸ்பெர்க்கை விட்டு வெகுதூரம் போகாதவர். அயல்நாட்டிலிருந்து அம்மாவுக்குப் போன் போடும் நிலை அவருக்கு வாய்க்கவில்லை. குற்றமற்ற நன்மை விளையுமென்றால் பொய்க்கும் வாய்மையின் இடம் உண்டு என்பது 292ஆம் குறளின் கருத்து. நபிமொழித் தொகுப்புகள் போர், சமாதானம் செய்து வைத்தல், கணவன் மனைவி பேச்சு என மூன்றுக்குச் சலுகை சொல்கின்றன. தாய் மகன் போன் அதில் அடங்குமா என்பதை ஆலிம்கள் சொல்லட்டும். எனக்கு அந்தத் தகுதி இல்லை.

கடித காலத்திலும் இதே கதைதான். காய்ச்சலில் படுத்துக்கொண்டே ‘நலம், நலமறிய ஆவல்’ என்று எழுதினார்கள். இதில் ஏமாந்தவர் யாரும் இல்லை. அம்மாவுக்குக் கோடு தெரிகிறது, மகனுக்கு விசில் கேட்கிறது. ஏமாற ஆளில்லாத இடத்தில் பொய் எங்கிருந்து வந்தது? ஆகவே ‘சாப்ட்டாச்சு’க்கு இந்த ஆய்வு முழு அனுமதி வழங்குகிறது.

ஆனால் போனை வைப்பதற்கு முன் மகன் இன்னொன்று கேட்டான்.

“பிரஷர் மாத்திரை?”

“போட்டாச்சுப்பா.”

இதற்கு அனுமதி இல்லை. அலமாரியில் இருந்த அட்டையை எண்ணிப் பார்த்தேன். நேற்று எட்டு. இன்றும் எட்டு.