எப்காட் நிர்வாகத்தாருக்குப் பாராட்டு மடல்

ஃபுளோரிடாவில் 1982 அக்டோபர் 1 அன்று திறந்த எப்காட் பூங்காவை நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடத்திவரும் டிஸ்னி நிர்வாகத்தாருக்கு, அதன் தொடக்க காலத்தை மறக்க முடியாத ரசிகர்கள் சார்பில் வாசித்தளிக்கும் பாராட்டு மடல்.

பிஞ்சுகளின் பாரம் இறக்கிய பெருந்தகைகளே!

விடுமுறைக்கு வந்த பிள்ளைகளை அந்தப் பழைய பூங்கா எவ்வளவு யோசிக்க வைத்தது! 1983இல் திறந்த 'ஹொரைசன்ஸ்' அரங்கில், ஒரே குடும்பத்தார் பாலைவனத்திலும் கடலடியிலும் விண்வெளியிலும் குடியிருக்கும் எதிர்காலத்தைக் காட்டினார்கள். பாலைவனப் பழத்தோட்டத்தைக் கடக்கையில் ஆரஞ்சு வாசனை வரும். கடைசியில், எந்த வழியாக வீடு திரும்பலாம் என்று வண்டியில் இருப்பவர்களையே கேட்பார்கள். முன்னால் மூன்று பொத்தான்கள். எதை அதிகம் பேர் அழுத்துகிறார்களோ அந்தக் காட்சி ஓடும். எதிர்காலத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலையைப் பத்து வயதுப் பிள்ளையிடம் ஒப்படைக்கலாமா? 1999 ஜனவரியில் அரங்கை மூடி, பிறகு கட்டடத்தையே இடித்து அந்தப் பாரத்தை இறக்கி வைத்தீர்கள். அதே இடத்தில் 2003இல் சுழன்று சுழன்று உடலை அழுத்தும் 'மிஷன் ஸ்பேஸ்' வந்தது. ஆரஞ்சு வாசனை வீசிய இடத்தில் இன்று ஆளுக்கொரு வாந்திப் பை தயாராக இருக்கிறது. விருந்தினர் நலத்தில் இத்தனை அக்கறை வேறு யாருக்கு வரும்?

புவியியலைத் திருத்திய புலவர்களே!

நார்வே அரங்கில் முன்பு ஒரு படகுச் சவாரி இருந்தது. வைகிங்குகள், ட்ரோல்கள், பனிக்கரடி, வடகடலில் எண்ணெய் எடுக்கும் மேடை என்று அந்த நாட்டின் கதையையும் பிழைப்பையும் சேர்த்தே காட்டியது. உண்மையான நாட்டை உண்மையாகக் காட்டினால் யாருக்கு என்ன லாபம்? 2014இல் அதை நிறுத்தி, 2016இல் அதே நீரோட்டத்தில் 'ஃப்ரோஸன்' படத்தின் அரண்டெல்லைக் குடியேற்றினீர்கள். உலக நாடுகளை அறிமுகப்படுத்தும் வட்டத்தில், உலக வரைபடத்திலேயே இல்லாத ராஜ்யத்துக்கும் இடம் கொடுத்த பரந்த மனம் உங்களுடையது.

எரிசக்திக் கவலையை ஒழித்த ஏந்தல்களே!

திறப்பு நாளிலிருந்தே எரிசக்திக்கென ஓர் அரங்கம் இருந்தது. கூரை முழுக்கச் சூரிய மின்தகடுகள். சவாரிக்கு வேண்டிய மின்சாரத்தில் ஒரு பங்கு அங்கிருந்தே வந்தது. டைனோசர் காலத்துக் காட்டில் தொடங்கி, விளக்கும் வண்டியும் எதனால் ஓடுகின்றன என்று பொறுமையாகச் சொன்ன இடம் அது. எண்ணெய் நிறுவனம் ஒன்றின் ஆதரவில் நடந்தாலும், அந்தக் கேள்வியையாவது கேட்டது. 2017இல் அதை மூடினீர்கள். எரிசக்தியைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேச வேண்டிய அவசியம் உலகில் தீர்ந்துபோனதை மற்றவர்களுக்கு முன்பே கண்டுகொண்ட ஞானம்! 2022 முதல் அங்கே 'கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி' ரோலர்கோஸ்டர் ஓடுகிறது.

வரிசையிலும் வகுப்பு வகுத்த வள்ளல்களே!

முன்பெல்லாம் முதலாளி பிள்ளையும் தொழிலாளி பிள்ளையும் ஒரே வரிசையில், ஒரே வெயிலில் நின்றார்கள். 1999இல் வந்த 'ஃபாஸ்ட்பாஸ்' காத்திருப்பைக் குறைத்தது. ஆனால் அது எல்லோருக்கும் இலவசம் என்ற குறை இருந்தது. 2021இல் அந்தக் குறையைப் போக்கி, காசு கட்டி முந்தும் 'லைட்னிங் லேன்' வழியைத் திறந்தீர்கள். இப்போதும் பிள்ளைகள் கையில் பொத்தான்கள் உண்டு. ஆனால் அவை கைப்பேசித் திரையில் இருக்கின்றன, பெற்றோரின் கடன் அட்டையோடு இணைந்திருக்கின்றன. பணக்காரர் கால் கடுக்கக் கூடாது என்று இரங்கிய உள்ளத்தை எப்படிப் புகழ்வது?

நினைவை நிறுத்து விற்கும் நிபுணர்களே!

கற்பனை அரங்கின் நாயகன் 'ஃபிக்மென்ட்' என்ற ஊதாநிறக் குட்டி டிராகன். 1998இல் அந்தச் சவாரியை மூடி, மறு ஆண்டு புதுப்பித்துத் திறந்தபோது டிராகனைக் கிட்டத்தட்டக் காணவே இல்லை. கற்பனை அரங்கிலிருந்தே கற்பனையை அகற்றும் துணிவு எளிதில் வாய்க்காது. ரசிகர்கள் முறையிட்டபின் 2002இல் அவனைத் திருப்பித் தந்தீர்கள். அவனுடைய தோழன், சிவப்புத் தாடிக் கனவுதேடி மட்டும் சவாரிக்குத் திரும்பவில்லை. 2022 ஜனவரியில் ஃபிக்மென்ட் உருவத்தில் 25 டாலருக்கு ஒரு பாப்கார்ன் வாளி விற்றீர்கள். மக்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். அந்தக் கூட்டம் பாப்கார்னுக்காகவா வந்தது? தங்கள் பிள்ளைப் பருவத்தை வாங்க வந்தது. பறித்த கையாலேயே அதற்கு விலைச் சீட்டும் ஒட்டிய வணிகத் திறமைக்கு நிகர் ஏது?

இவற்றில் எதையும் நாங்கள் கூட்டிச் சொல்லவில்லை. எல்லாப் புகழும் நீங்களே தேடிக்கொண்டது.

ஒன்றே ஒன்றுக்குப் பாராட்டு வேண்டாம், மனமார நன்றி சொல்கிறோம். நுழைவாயிலில் நிற்கும் பெரிய வெள்ளிக் கோளத்தையும், அதற்குள் மெல்ல மேலேறும் சவாரியையும் இன்னும் வைத்திருக்கிறீர்கள். குகை ஓவியம் முதல் கணினி வரை மனிதர் ஒருவருக்கொருவர் செய்தி சொன்ன கதை அங்கே ஓடுகிறது. தொடக்கத்தில் அந்தக் கதையை உருவாக்க உதவியவர் எழுத்தாளர் ரே பிராட்பரி. அடுத்த சீர்திருத்தத்துக்கு இடம் தேடும்போது, உங்கள் அருட்பார்வை அந்தப் பக்கம் மட்டும் திரும்பாதிருக்க வேண்டுகிறோம்.