கங்கைகொண்டான் வட்டாரப் பட்டாளத்தார் தம் ஊர்தித் தேர்வில் பதவியும் வயதும்: ஒரு முன்னோட்ட ஆய்வு

ஆய்வு எல்லையைச் சொல்லாமல் ஆய்வைத் தொடங்குவது மரபன்று. இவ்வாய்வின் எல்லை வடக்கே சாலைப்புதூர் சுங்கச்சாவடி, தெற்கே தாழையூத்து, மற்ற இரு திசைகளிலும் பெட்ரோல் தீரும் இடம். ஆய்வு நோக்கம் என்று எதுவும் இல்லை. ஆனால் அப்படி எழுதினால் எந்தக் குழுவும் ஏற்காது என்பதால் ‘சமூக மேம்பாடு’ என்று வைத்துக்கொள்க.

தரவுகள் நாற்கரச் சாலையோரத்து டீக்கடை ஒன்றில் திரட்டப்பட்டன. அங்கே இரண்டு பெஞ்சுகள். மேல்பெஞ்சில் ஓய்வுபெற்ற பட்டாளத்தார் அமர்வர். கீழ்பெஞ்சில் பட்டாளத்தைப் பற்றி அவர்களைவிட அதிகம் தெரிந்தவர்கள் அமர்வர். இருசாராரும் மாறுபடும் இடங்களில் டீ மாஸ்டர் உரையே கொள்ளப்பட்டது.

இத்துறையில் முன்னோர் ஆய்வு எதுவும் இல்லை. எல்லா ஆய்வேட்டிலும் இந்த வாக்கியம் வரும். வந்த கையோடு அந்த இல்லாத முன்னோரின் மூன்றாம் அத்தியாயம் அப்படியே ஐந்தாம் அத்தியாயமாக வந்து உட்காரும். இவ்வாய்வாளருக்கு அந்த வசதி கிட்டவில்லை. ஆகவே நேராக ராஜேந்திர சோழனிடம் போக வேண்டியதாயிற்று.

ஊருக்குப் பெயர் தந்த பட்டம் அவனுடையது. திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்வது இது: கங்கை வரை படை நடத்திப் போனவர் தண்டநாயகர், வழியில் ஆறுகளைக் கடக்க யானைகளையே பாலமாக நிறுத்தினார்கள், வென்று திரும்பியவரை மன்னன் கோதாவரிக் கரையில் எதிர்கொண்டான். பட்டம் மன்னனுக்கு. தலைநகரும் அந்தப் பட்டத்தின் பெயரில். தண்டநாயகர் லீவில் சொந்த ஊருக்கு எதில் ஏறிப் போனார் என்பது மட்டும் பதிவாகவில்லை. இதை மேல்பெஞ்சில் வாசித்துக் காட்டியபோது யாரும் வியக்கவில்லை. “அப்பமும் அப்படித்தானா?” என்று ஒரு ஹவில்தார் டீயை உறிஞ்சினார் (மேல்பெஞ்சு, காலை அமர்வு).

இனி வகைப்பாடு.

பட்டாளத்தில் சேரத் துடிக்கும் பையனுக்கு ஊர்தி கிடையாது. சிப்காட் சாலையில் விடியுமுன் 1600 மீட்டர் ஓடுகிறான். கூடவே நாய்களும் ஓடுகின்றன.

சிப்பாய் நிலையில்தான் மோட்டார் சைக்கிள் தோன்றுகிறது. முதல் சம்பளம் வீட்டுக்கு, இரண்டாவது கோயிலுக்கு, அதற்குப் பிறகு எல்லாம் தவணைக்கு. அவன் முன்னால் பல வண்டிகள் இருந்தாலும் மனத்தில் இருப்பது புல்லட்தான். ராணுவத் தேவையை ஒட்டி 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ராயல் என்ஃபீல்டும் கூட்டுச் சேர்ந்து, திருவொற்றியூரில் ஆலை எழுந்து உருவாகத் தொடங்கிய வண்டி அது. ஆகவே சிப்பாய் புல்லட் வாங்குவது ஆசையா, படைமரபா என்பது விவாதத்துக்குரியது. அவன் தாயார் அதை ‘வீண் செலவு’ என்று வகைப்படுத்துகிறார்.

வண்டி அவனோடு ஊர் ஊராக மாறும். ரயிலில் பார்சல் போடும்போது டாங்கில் ஒரு சொட்டுப் பெட்ரோல் இருக்கக் கூடாது என்பது விதி. எனவே சாக்குச் சுற்றிய வண்டியை நெல்லைச் சந்திப்பில் இறக்கி, பெட்ரோல் பங்க் வரை அவனே தள்ளிக்கொண்டு வருவான். எல்லையில் நின்ற வீரன் ஊருக்குள் நுழையும் முதல் காட்சி இதுதான். ஊர்க்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, “என்னடே, வண்டி ரிப்பேரா?”

இங்கே நம்பர் பலகை என்னும் சான்றைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். உள்ளூர் வண்டிக்கு டிஎன் 72. பட்டாளத்தான் வண்டிக்கு ஜேகே 02 என்றால் ஜம்மு, பிபி 35 என்றால் பதான்கோட், எச்ஆர் 01 என்றால் அம்பாலா, ஏஎஸ் 12 என்றால் தேஜ்பூர், எம்பி 20 என்றால் ஜபல்பூர். ஒருவன் எங்கே பணியாற்றினான் என்பதை அவன் வாய் திறக்காமலே பலகை சொல்லிவிடும். பனி பார்த்தவனா, பாலைவனம் பார்த்தவனா, அல்லது ஜபல்பூரில் உட்கார்ந்து கோப்புப் பார்த்தவனா என்பதைக் கீழ்பெஞ்சு பத்து மீட்டர் தூரத்திலேயே வாசித்துவிடுகிறது. கல்வெட்டறிஞர்கள் செய்வதும் இதுவே. ஒரு வித்தியாசம், கீழ்பெஞ்சில் மூன்றாம் எழுத்து சேறு மூடியிருந்தால் வண்டியை நிறுத்தித் துடைத்துப் பார்ப்பார்கள். அறிஞர்களோ ‘சிதைந்துள்ளது’ என்று அடைப்புக்குறி போட்டுவிட்டு, சிதைந்த இடத்தில் தமக்குப் பிடித்த மன்னனை உட்கார வைப்பார்கள்.

இப்படிச் செழித்திருந்த சான்றை 2021 செப்டம்பரில் வந்த பிஎச் வரிசை அழித்துவிட்டது. இப்போது படையினர் வாங்கும் புது வண்டிகளில் ஆண்டு, பிஎச், நான்கு எண், ஒன்றிரண்டு எழுத்து, அவ்வளவுதான். மாறுதலாகும் மாநிலந்தோறும் மறுபதிவுக்கு அலைய வேண்டாம் என்பது வாங்குகிறவனுக்கு நிம்மதி. ஆய்வுலகுக்கு ஈடுசெய்ய முடியாத இழப்பு. காஷ்மீரும் கோவையும் ஒரே பலகையில் வந்து நிற்கின்றன (பஞ்சர் கடைச் சுவடி, டியூப் 4, ஒட்டு 2, ஒப்பிடுக: அதே டியூப், ஒட்டு 3, ஆயின் அது பிற்காலத்தது).

நாயக், ஹவில்தார் நிலைகளில் கல்யாணம் நேர்கிறது. புல்லட் ஸ்ப்ளெண்டராகச் சுருங்குகிறது. கணவனுக்கும் மனைவிக்கும் நடுவே ஒரு குழந்தை அமர்கிறது; இதனைப் பதிப்பாசிரியர்கள் இடைச்செருகல் என்பர்.

அடுத்து நாயப் சுபேதார், சுபேதார். கார் நிலை. இவ்வாய்வின் தலையாய கண்டுபிடிப்பு இங்கேதான் நிகழ்ந்தது. சுபேதார்கள் வாங்கிய கார்களை வரிசைப்படுத்தினால் எல்லாம் சின்னக் கார்கள். எஞ்சின் 1400 சிசியைத் தாண்டுவதே இல்லை. அதிகாரிகளின் கார்களோ 2500 சிசி வரை போகின்றன. பதவிக்கும் எஞ்சின் கொள்ளளவுக்கும் இடையே இத்தனை துல்லியமான உறவு உலக அறிவியலில் வேறெங்கும் காணப்படவில்லை. இதற்கு இவ்வாய்வாளர் மூன்று கோட்பாடுகளை முன்வைத்தார். முதலாவது, சுபேதாரின் அடக்கம். இரண்டாவது, பாலைவனப் பணியில் சிக்கனம் உடம்பில் ஊறிவிடுதல். மூன்றாவது, சிற்றாற்றங்கரை மக்களின் மரபணு. மூன்றாவது கோட்பாடு அச்சுக்குப் போகும் நேரத்தில் டீ மாஸ்டர் குறுக்கிட்டார்.

“சார், அது கேன்டீன் சுவத்துல ஒட்டியிருந்தாம்லா.”

உண்மைதான். 1948 ஜனவரி 3-ல் தோன்றிய கேன்டீன் ஸ்டோர்ஸ் டிபார்ட்மென்ட் ராணுவத்தாருக்குச் சலுகை வரியில் வண்டி தருகிறது. யார் எதை வாங்கலாம் என்று 2019 ஜூனில் கட்டுப்பாடு வந்தது. அன்று வகுத்த வரம்பு இது: அதிகாரி எட்டு ஆண்டுக்கு ஒரு கார், 2500 சிசி வரை, ஜிஎஸ்டி நீங்கலாக 12 லட்சம் வரை. சுபேதார் வகையினரான ஜேசிஓவும் அதற்குக் கீழுள்ளவரும் பணிக்காலத்தில் ஒன்று, ஓய்வின்போது ஒன்று, 1400 சிசி வரை, 5 லட்சம் வரை. அதாவது மரபணுவை நிர்ணயித்தது சுற்றறிக்கை.

ஆயினும் மாஸ்டரின் சான்றை ஏற்பதில் முறையியல் சிக்கல் உண்டு. சுவரில் ஒட்டிய தாளைப் படித்தால் ஆய்வு அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். அரைப் பக்கத்துக்கு உலகில் எங்கும் முனைவர் பட்டம் தருவதில்லை. எனவே சுற்றறிக்கை பின்னிணைப்புக்கு மாற்றப்பட்டு, மூன்று கோட்பாடுகளும் முன்போலவே நிலைநிறுத்தப்படுகின்றன.

அதிகாரிகள்: இவர்கள் ஊருக்கு வருவதில்லை, சென்னையில் வீடு கட்டிக்கொள்கிறார்கள்.

ஆனால் ஒருவரை விட்டுவிட்டால் இந்த அத்தியாயம் கண்ணியமிழக்கும். ஓய்வுக்குப் பின் குன்னூரில் வாழ்ந்த முன்னாள் தரைப்படைத் தளபதி சாம் மானெக்‌ஷா. 1947-ல் அவரிடம் ஒரு சிவப்பு ஜேம்ஸ் மோட்டார் சைக்கிள் இருந்தது. அதை ஆயிரம் ரூபாய்க்கு வாங்கிக்கொண்ட சக அதிகாரி யாஹியா கான் பாகிஸ்தானுக்குப் போய்ப் பின்னாளில் அதன் அதிபரானார், பணம் வரவில்லை. 1971 போரில் பாதி நாட்டைக் கொடுத்துக் கடனை அடைத்துவிட்டார் என்று மானெக்‌ஷா வேடிக்கையாகச் சொல்வாராம். பழைய வண்டியை வட்டியோடு வசூலித்த வரலாற்றில் இதற்கு இணையான வசூல் இல்லை என்று உள்ளூர் பைனான்ஸ்காரர் ஒருவரும் ஒப்புக்கொண்டார் (வாய்மொழி, தவணைப் புத்தகத்தின் பின்னட்டையில் குறித்தது, சாட்சி: ஜாமீன்தாரர்).

இப்போது ஆய்வின் மையத்துக்கு வருவோம். புல்லட்டில் தொடங்கினாலும், ஸ்ப்ளெண்டரில் நின்றாலும், சின்னக் கார் வாங்கி மழைக்கு மூடி வைத்தாலும், இவ்வட்டாரப் பட்டாளத்தார் அனைவரும் இறுதியில் போய்ச் சேரும் இடம் ஒன்றே. டிவிஎஸ் எக்ஸெல். 1980-ல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50-ன் வம்சம். கியர் கிடையாது, கிளட்ச் கிடையாது, கர்வமும் கிடையாது. இந்தச் சேர்க்கையைப் பொருளாதாரத்தால் விளக்க முற்பட்டோர் தோற்றனர். சைவ சித்தாந்தம் கூறும் நால்வகைப் பேறுகளால் மட்டுமே இதை விளக்க முடியும்.

முதலாவது சாலோகம், ஒரே உலகில் இருத்தல். பதினைந்து பதினேழு ஆண்டு சர்வீஸ் போட்டு, நாற்பதைத் தொடாத வயதில் பென்ஷனோடு வருகிறார். வாசலில் அப்பாவின் எக்ஸெல் நிற்கிறது. பக்கத்தில் தன் வண்டியை நிறுத்துகிறார். அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

இரண்டாவது சாமீபம், அருகில் செல்லுதல். தன் வண்டி சர்வீசுக்குப் போன ஒரு நாள், பால் வாங்க மட்டும், ஒரே ஒரு தடவை. தலையில் ஹெல்மெட், காலில் ஷூ, முதுகு விறைப்பாக. எதிரே சிப்காட் லாரி வந்தாலும் கண் நேராக. குடியரசு நாள் அணிவகுப்பு இருபது கிலோமீட்டர் வேகத்தில் பால் வாங்கப் போவது போலிருக்கும்.

மூன்றாவது சாரூபம், அதன் உருவையே பெறுதல். முதலில் ஷூ செருப்பாகிறது. பேன்ட் சாரமாகிறது. ஹெல்மெட் இருந்த இடத்தில் துண்டு வருகிறது; போலீஸ் நிற்கும் நாளில் மட்டும் துண்டு இருந்த இடத்தில் ஹெல்மெட் வருகிறது. மீசை மட்டும் ரெஜிமென்டிலேயே இருக்கிறது.

நான்காவது சாயுச்சியம், இரண்டறக் கலத்தல். பின்சீட்டைக் கழற்றிப் பரணில் போட்டாயிற்று. முன்னால் மாட்டுத் தீவன மூட்டை, பின்னால் வாழைத்தார். எஞ்சினை அணைக்காமல் அரைமணி நேரம் நின்று பேச முடிகிறது. இந்நிலையில் மனிதர் எங்கே முடிகிறார், வண்டி எங்கே தொடங்குகிறது என்று பஞ்சர் கடைக்காரராலும் பிரித்துச் சொல்ல இயலாது.

இந்நிலையை வீழ்ச்சி என்று கருதும் மேலோட்டமான ஆய்வாளர்களுக்காக ஒரு கணக்கு. மேல்பெஞ்சில் கவசப்படை ஓட்டுநர் ஒருவர் உண்டு, டி-72 ஓட்டியவர். ஆவடியில் உருவான அந்த டாங்கியின் எடை ஏறத்தாழ 41 டன், எஞ்சின் 780 குதிரைத்திறன். டன்னுக்கு 19. எக்ஸெல் 100-ன் எடை ஏறத்தாழ 86 கிலோ, திறன் 4.3. வெறும் வண்டியாக எடுத்தால் டன்னுக்கு 50. டாங்கி பக்கத்தில் வர முடியாது. இனி எக்ஸெலில் 75 கிலோ அண்ணாச்சியை ஏற்றுக. ஐம்பது கிலோ தீவன மூட்டை ஒன்றும், 15 கிலோ வாழைத்தார் ஒன்றும் வைக்க. மொத்தம் 226 கிலோ. இப்போது வகுத்தால் டன்னுக்குச் சரியாக 19. அதாவது முழுச் சுமையோடு சந்தையிலிருந்து திரும்பும் எக்ஸெல், எஞ்சினியரிங் கண்ணோட்டத்தில், ஒரு டி-72. அவர் வண்டியை மாற்றவே இல்லை.

இம்முடிவை அவரிடம் தெரிவித்தோம். சிறிது யோசித்தார். “டாங்குல போகையில எதுத்தாப்புல எவனும் வர மாட்டான் சார். இங்கன எல்லாப் பயலும் வாரான்” என்றார் (மேல்பெஞ்சு, மாலை அமர்வு, மின்வெட்டுக்குப் பின், சர்க்கரை கம்மிப் பாடம். இப்பாடத்தைக் கீழ்பெஞ்சு மறுக்கிறது, ஆயின் கீழ்பெஞ்சு அப்போது கயத்தாறு பஸ்ஸைப் பிடிக்க ஓடியிருந்தது. வடை சுற்றிய தாளில் கண்ட குறிப்பும் இதை வலியுறுத்தும், எண்ணெய் படிந்த இரண்டாம் வரி நீங்கலாக. அவ்வரியில் இருப்பது வேறு நாளிதழின் ராசிபலன் என்பாரும் உளர்).

உயிரியல் சான்றும் உண்டு. ஊரை அடுத்து 2013-ல் அறிவிக்கப்பட்ட புள்ளிமான் சரணாலயம் இருக்கிறது. புல்லட் சத்தம் கேட்டால் மான்கள் தலை நிமிர்கின்றன. எக்ஸெல் போனால் மேய்ச்சலை நிறுத்துவதில்லை. மான்களுக்குப் பதவி வேறுபாடு தெரிகிறது என்று ஒரு சாராரும், சைலன்சர் வேறுபாடு தெரிகிறது என்று மறுசாராரும் வாதிடுகின்றனர். தொழில்துறைச் சான்றாகச் சிப்காட்டில் டயர் ஆலை ஒன்றும் உண்டு. அங்கே உருவாவது வயலிலும் காட்டுப் பாதையிலும் ஓடும் பெருவண்டிகளுக்கான டயர் என்பதால் அதன் வாசலில் காவல் நிற்பவரின் எக்ஸெலுக்கு அது ஆகாது. அவர் டயர் வாங்கத் திருநெல்வேலிக்குப் போகிறார்.

கட்டுரை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் 2022 ஜூனில் ஆள்சேர்ப்புக்கான அக்னிபத் திட்டம் வந்து வகைப்பாட்டைக் குலைத்துவிட்டது. பதினேழரை வயதில் சேரலாம், நான்கே ஆண்டு, நூற்றுக்கு 25 பேர் வரை நிரந்தரம், மற்றவர் ஊருக்கு. சாலோகத்திலிருந்து சாயுச்சியம் வரை ஒருவர் முப்பது ஆண்டு பொறுமையாகக் கடந்த பாதையை இருபத்தொரு வயதுப் பையன் எப்படிக் கடப்பான்? நாயக் ஆகாமல் ஸ்ப்ளெண்டர் வருமா? சுபேதார் ஆகாமல் 1400 சிசிக்கு ஏங்குவதாவது முறையா? “நாலு வருசத்துல பைக் டியூவே முடியாது. அவன எந்தப் பெஞ்சுல உக்கார வைக்க?” என்று ஹவில்தார் கேட்டதற்குக் கீழ்பெஞ்சிலிருந்தும் பதில் இல்லை. தற்காலிகமாக இரு பெஞ்சுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போடப்பட்டிருக்கிறது.

இக்கட்டுரைக்கு மறுப்பு உள்ளோர் எழுத்தில் தரலாம். எழுத்துப்பிழை இருந்தால் மறுப்பு ஏற்கப்படாது. எழுத்துப்பிழை இல்லாதிருந்தால் வேறு யாரோ எழுதிக்கொடுத்ததாகக் கருதப்படும்.