கார்ட்லெஸ் வாங்கின மருமவனுக்கு

வாங்க சவுண்ட் சர்வீஸ் முதலாளி! இப்படித் திண்ணையில உக்காருங்க. நேத்து பட்டிமன்றத்துல ஆறு பேச்சாளரும் பேசுனது ஒரு பேச்சா? ஒம்ம மைக்கு பேசுச்சு பாரும், அதுல்லா பேச்சு! நடுவர் தீர்ப்புச் சொல்ல எந்திரிக்கவும் ‘கொர்ர்ர்’னு கிளம்புச்சே ஒரு சத்தம், அம்மனுக்கு அருள் வந்துட்டுன்னு கெழவிங்க குலவை போட்டுட்டாளுவ.

சரி, மூஞ்சியத் தூக்காதல. நாலு மைக்கையும் எதுல வச்ச? 600, 601, 602, 603 மெகாஹெர்ட்ஸா? அடடா, கயிறு பிடிச்சு நாத்து நட்ட மாதிரில்லா வச்சிருக்க! வினையே அங்கனதான். ரெண்டு மைக்கு பக்கத்துல பக்கத்துல நின்னா சும்மா இருக்காது, பிள்ளை பெத்துரும். 601-ஐ ரெண்டு மடங்காக்கி அதுல 600-ஐக் கழி. என்ன வருது? 602. அந்தப் பிள்ளை நேரா போயி மூணாவது மைக்கு மடியில ஏறி உக்காந்துக்கும். சரிசமமா இடைவெளி விட்டா எல்லாப் பிள்ளையும் அடுத்தவன் வீட்டுலதான் பொறக்கும். கோணல்மாணலாத்தான் விடணும். நீ மண்டையப் பிய்க்க வேண்டாம். மைக்கு செஞ்சவனே குரூப்பு, சானல்னு கணக்குப் போட்டு வச்சிருக்கான். நாலும் ஒரே குரூப்பு, ஆளுக்கொரு சானல். ரெண்டு கம்பெனி மைக்கைக் கலந்தா மட்டும் அந்தக் கணக்குச் செல்லாது.

“ஸ்கேன் பண்ணுனேன் மாமா”ங்க. பண்ணுன, நானும் பாத்தேன். மத்தியானம் மூணு மணிக்கு, பந்தல்ல நாய் மட்டும் படுத்துக் கெடந்தப்ப! எல்.இ.டி. ஸ்கிரீன், சீரியல் லைட்டு எல்லாத்தையும் எரிய விட்டுட்டு, ஒன் மைக்கை மட்டும் அணைச்சு வச்சில்லா ஸ்கேன் பண்ணணும்? ஒன் மைக்கும் ஓடுனா அதையே எதிராளின்னு காட்டும்.

ரிசீவரை எங்க வச்ச? மேடைக்குக் கீழ, ஆம்ப்ளிக்குப் பின்னால, இரும்புப் பெட்டிக்குள்ள, ஆன்டெனாக் கொம்பு ரெண்டையும் மடக்கி. திருட்டுச் சாராயமால, ஒளிச்சு வைக்கதுக்கு? மனுசன் ஒடம்பு பாதிக்கு மேல தண்ணி, அலையைக் குடிச்சிரும். மேடையோரமா, ஆள் தலைக்கு மேல, மைக்கு கண்ணுக்குத் தெரியுத இடத்துல வையி. தூரத்தைப் பாதியாக்குனா பலம் நாலு மடங்கு. கொம்பை மயிலைக்காளை மாதிரி விரிச்சு விடு; ஒரு கொம்புக்கு எட்டாதது இன்னொண்ணுக்கு எட்டும். பேசுதவங்க கையையும் பாரு. நேத்து ஒருத்தர் கரும்பு கடிக்க மாதிரி மைக்கு அடியைப் பொத்திப் பிடிச்சிருந்தாரு. அடியிலதான ஆன்டெனா இருக்கு!

ஒங்க சித்தப்பன் வெளிநாட்டுல இருந்து கொண்டாந்த பழைய செட்டைத் தொடாத. அது 700-க்கு மேல ஓடுதது. 2022 ஏலத்துல ஜியோக்காரன் 5ஜிக்கு அந்தப் பக்கம் எடுத்துட்டான். வித்த தோப்புல போயி தேங்கா பறிக்க முடியுமா? சட்டையில குத்துத சின்ன மைக்கும் வேண்டாம். வாங்கும்போதே பாத்தேன், 2.4 கிகாஹெர்ட்ஸ்னு போட்டிருக்கு. வைஃபை, புளூடூத்து எல்லாம் குடியிருக்கது அங்கனதான். நம்ம கோயில் கொடைக்கு வாரவன் பூரா சட்டைப்பையில அதைத்தான் வச்சிருக்கான்.

நாளைக்கு வில்லுப்பாட்டு. அண்ணாவி உக்காந்த இடத்தை விட்டு எந்திரிக்கவே மாட்டாரு; அவருக்கு எதுக்குல கார்ட்லெஸ்? வயரு மைக்கு போடு. வயரு இல்லையா? நம்ம பரண்ல ரெண்டு சுருள் கெடக்கு. ஒரு ராத்திரிக்கு வாடகை 200 ரூவா. அக்கா மகன்னு குறைக்க மாட்டேன், முன்பணம் வையி.