என் மெட்டும் நானும்

அக்கா மகன் என் மெட்டைத் திருடிவிட்டான் என்று எங்கள் ஊர் அக்காள்மடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். ஊர்ப் பையன்களின் கால்பந்து டீமுக்கு நான் போட்ட பாட்டு அது. அவன் நாலு வார்த்தையை மாற்றி, தாளத்தை முடுக்கி, ரீல்ஸில் விட்டுப் பேர் வாங்கிவிட்டான். எனக்கு வயிறு எரியாதா?

2025 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம் வேறு எனக்குக் கொம்பு சீவிவிட்டது. ‘பொன்னியின் செல்வன் 2’ படத்து ‘வீரா ராஜ வீரா’ பாட்டு, ஜூனியர் டாகர் சகோதரர்களின் ‘சிவ ஸ்துதி’யிலிருந்து எடுத்தது என்று துருபத் பாடகர் ஃபயாஸ் வாசிஃபுத்தீன் டாகர் வழக்குப் போட்டிருந்தார். அது துருபத் மரபில் வந்தது, யாருக்கும் தனிச்சொத்தில்லை என்றது ஏ.ஆர்.ரகுமான் தரப்பு. அடாணா ராகம் எல்லோருக்கும் பொது. அதில் கட்டிய உருப்படி கட்டியவருக்குச் சொந்தம் என்றார் நீதிபதி பிரதிபா எம். சிங். 2 கோடி ரூபாய் டெபாசிட் கட்டு, சகோதரர்கள் பேரைப் போடு என்று இடைக்கால உத்தரவு. டீக்கடையில் அந்தத் தீர்ப்பை ஏதோ நானே எழுதியது போல விளக்கினேன்.

செப்டம்பரில் இரண்டு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. பாடிப் பதிவு செய்தவர்கள் என்பதாலேயே இயற்றியவர்கள் ஆகிவிட மாட்டார்களாம். அன்றிலிருந்து டீக்கடையில் என்னைப் பார்த்தாலே இருமல். என் வழக்கையாவது ஜெயித்துக் காட்டியாக வேண்டும்.

பதிப்புரிமைச் சட்டத்தைப் புரட்டினேன். முன்பெல்லாம் மெட்டை எழுத்தில் வைத்திருந்தால்தான் இசைப் படைப்பு; 1994 திருத்தத்துக்குப் பிறகு அந்தக் கட்டாயம் இல்லை. சுரம் எழுதத் தெரியாத எனக்குப் பால் வார்த்த திருத்தம். ஆனால் முதலில் போட்டது நான்தான் என்பதற்கு? என் போனில் இருந்த பதிவின் தேதி, அவன் ரீலுக்குப் பிந்தியது. “மனசுல அதுக்கு முன்னாடியே இருந்துச்சு” என்றேன். வழக்கு கேட்கக் கூடியிருந்த சபை சிரித்தது.

“நீங்க பாடி நான் கேட்டதே இல்ல மாமா.”

“கேட்டது தெரியாமலே உள்ள போயிருக்கும்டா. பாட்டுக்காரர் ஜார்ஜ் ஹாரிசனுக்கே 1976-ல அமெரிக்கக் கோர்ட்டு அப்படித்தான் சொல்லுச்சு. நமக்கு நடுவுல இருக்கறது ஒரே சுவரு!” இந்த ஒரு பாயிண்டில் மட்டும் நான் கெட்டி.

இரண்டும் ஒன்றா என்று பார்க்க வித்வான் தேவையில்லை. தன் நாடகத்தைச் சினிமாவாக்கிவிட்டார்கள் என்று ஆர்.ஜி. ஆனந்த் போட்ட வழக்கில், பார்க்கிற சாதாரண ஆளுக்கு நகல் என்று ஐயமறத் தோன்றவேண்டும் என்று 1978-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ‘கிரேஸி 4’ பாட்டு வழக்கில் 2008-ல் பம்பாய் நீதிபதி தானே கேட்டுப் பார்த்தார். நான் பிடித்த சாதாரண ஆள், பெரியப்பா. வலை பொத்திக்கொண்டிருந்தவர் ரீலைக் கேட்டார். ஊசியைக் கீழே வைக்கவில்லை.

“சரி, ஒன்னோடதைப் பாடு.”

பாடினேன்.

“இன்னொருக்கா.”

மறுபடி பாடினேன். பல்லவி வேறெங்கோ போய் நின்றது.

“மொதல்ல இப்படியா பாடுன?”

தொண்டையைச் செருமிக்கொண்டு, நிதானமாக, கண்ணை மூடிப் பாடினேன். இந்தத் தடவை நன்றாகவே வந்தது. எல்லோரும் தலையாட்டினார்கள். அக்கா மகனும் கூடவே முணுமுணுத்தான், ஒரு இடம் பிசகாமல்.

“இதுல என்ன தகராறு?” என்றார் பெரியப்பா. “இது இவன் பாட்டுதானே?”

“விடுங்க தாத்தா, தெரியாமலே உள்ள போயிருக்கும்” என்றான் பயல். “மாமா, எங்கயாவது மேடையில பாடுனா மட்டும் என் பேரைச் சொல்லிருங்க.”